இரண்டடித் தொட்டியின் செலவு

என் மகள் மூன்றாம் முறை கடித்தபோது ரத்தம் வந்துவிட்டது. யுகேஜி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் மேல்கையில் கடித்திருந்தாள். டீச்சர் இவள் மூக்கைப் பிடித்த பிறகுதான் வாயை எடுத்தாளாம்.

மதியம் அவளை அழைத்துவரப் போனபோது அந்தப் பையனின் அப்பா கேட்டில் நின்றிருந்தார். மகனின் சட்டைக் கையை மேலே தள்ளி என் முகத்துக்கு நேரே காட்டினார். நீள்வட்டமாகப் பல் வரிசை, இரண்டு இடத்தில் தோல் பிய்ந்திருந்தது.

"இன்னாம்மா, புள்ள வளக்குறியா, நாய் வளக்குறியா? ஊசி போட்டுகினு வர்றோம். அடுத்த தபா வாய வச்சான்னா பல்ல ஒடச்சி கைல குடுத்துடுவேன். பொட்டப்புள்ளன்னுலாம் பாக்கமாட்டேன்."

"சாரி சார்" என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. என் மகள் என் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பையனின் கையை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை அடித்துவிடுவார் என்று பயந்தேன். அடித்தால் தேவலை என்றும் ஒரு கணம் தோன்றியது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளித் தலைமை சிஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை கடித்தால் டிசி. வானகரத்தில் எங்கள் பிளாட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரே பள்ளி அது. கடிக்கிற பிள்ளை என்று டிசியோடு போனால் வேறு எங்கே சேர்ப்பார்கள்?

பல் முளைக்கும் இடத்தில் அரிப்போ என்னவோ என்று நினைத்து அவளைப் பூந்தமல்லியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படித்தவள் செய்கிற காரியமா என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. டாக்டர் சிரித்தார். "பல்லு நல்லாத்தான் இருக்கு மேடம். ரொம்பவே நல்லா இருக்கு." ஆனால் அங்கே காத்திருந்த நேரத்தில் ஒன்று நடந்தது. வரவேற்பு அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள், மஞ்சளில் ஒன்று, நீலத்தில் நாலைந்து. ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் உட்காராத என் மகள் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். கை கால் ஆடவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, கடிப்பதற்காக அல்ல.

அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கல்லூரியில் வணிகவியல் படித்ததால் வந்த பழக்கம், எதை வாங்குவதானாலும் நோட்டில் இரண்டு பத்தி போட்டுவிடுவேன். இடப்பக்கம் இரண்டடித் தொட்டி, எழுபது லிட்டர். வலப்பக்கம் நாலடித் தொட்டி, இருநூற்று ஐம்பது லிட்டர். சின்னதற்குத் தொட்டி, ஃபில்டர், விளக்கு, ஓட்டை ஓட்டையான வெள்ளைக் கல், மணல், ஒரு பை கடலுப்பு எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம். பெரியதற்கு இரும்பு ஸ்டாண்ட், கீழே தனியாக ஃபில்டர் தொட்டி, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி, மூன்று மடங்கு கல், நாலு மடங்கு உப்பு என்று அறுபதாயிரத்தைத் தாண்டியது. தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரத்தை நான் எழுதவே இல்லை.

"பெருசே வாங்கிடலாம்மா" என்றார் கணவர். அவர் அம்பத்தூரில் ஒரு ஐடி அலுவலகத்தில் இருக்கிறார். பெரியதாக எதையும் வாங்கிவிடலாம் என்பார், வாங்குகிற வேலை என்னுடையது.

"பிடிக்கலன்னா? ஒரு மாசத்துல அவளுக்கு அலுத்துப் போச்சுன்னா? ஏங்க, மொதல்ல சின்னதுல பாப்போம்."

"சரி. நீ பாத்து செய்."

நான் பார்த்துத்தான் செய்தேன்.

கொளத்தூரில் மீன் கடைக்காரர் என்னுடைய நோட்டை வாங்கி இரண்டு பத்தியையும் படித்தார். கை முழுக்க ஈரம், தாளில் பேனா மை பரவிவிட்டது.

"யக்கா, நா சொல்றத கேளு. சின்னதுதான்க்கா செலவு வைக்கும். பெர்சு ஒரு தபா துட்டு கேக்கும், அப்பால கம்முனு கெடக்கும். சின்னதுல நீ ஒரு தப்பு பண்ணா அது அங்கியே நிக்கும். பெர்சுல கரஞ்சி பூடும்."

விற்பனைப் பேச்சு என்று நினைத்தேன். "இல்லண்ணா, சின்னதே போதும்" என்றேன்.

"சரி, உன் இஷ்டம்." ஒரு பாலிதீன் பையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீல மீனைப் பிடித்துக் கட்டினார். "மொதல்ல இத உடு. ஆரஞ்சு மீன அப்பால வாங்கிக்கோ. புதுத் தண்ணில விஷம் ஊறும், ஒரு மாசம் ஆவும் அடங்க. இது தாங்குச்சின்னா தண்ணி ரெடி."

"தாங்கலன்னா?"

"செத்தா சாவட்டும்க்கா. நூத்தம்பது ரூபா மேட்டரு."

பைபாஸில் ஆட்டோவில் வரும்போது அந்தப் பையை மடியில் வைத்திருந்தது என் மகள்தான். சாகட்டும் என்று சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அது சாகவில்லை. முதல் வாரம் தொட்டியின் மூலையில் சாய்ந்தபடி மூச்சு வாங்கியது. செவுள் சிவந்து வீங்கியிருந்தது. இரண்டாம் வாரம் உடம்பைக் கல்லில் உரசிக்கொண்டது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது. மாதம் முடிவதற்குள் கல்லுக்கடியில் மணலைத் தள்ளி ஒரு குழி தோண்டியிருந்தது. வாயில் மணலை அள்ளி வெளியே துப்பும். என் மகள் அதை 'அவன்' என்றுதான் சொல்வாள். பள்ளிவிட்டு ஓடிவந்து, ஷூவைக் கழற்றாமல், ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து அவனைப் பார்ப்பாள். அந்த ஒரு மாதமும் அவள் யாரையும் கடிக்கவில்லை. டைரியில் சிவப்பு மையில் எதுவும் வரவில்லை. நோட்டில் இருந்த பதினாலாயிரத்துக்கு எதிரே நான் ஒரு டிக் போட்டேன்.

பிறகு இரண்டு ஆரஞ்சு மீன்கள் வாங்கினேன், ஜோடி இரண்டாயிரம்.

ஒன்றைக் கொன்றது நான். ஃபேன் காற்றில் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறையும். கடல்மீனாயிற்றே என்று, குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே கலந்து கவனமாக ஊற்றி வந்தேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். பத்து நாளில் அந்த மீன் நிறம் வெளுத்து, கண் மேல் பால்படலம் பிடித்து, ஒருநாள் காலையில் ஃபில்டர் குழாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடைக்காரர் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல தண்ணி ஊத்தணும்க்கா! நீ இன்னா, ஊறுகா போட்டுகினியா?" உப்பு அளக்கும் கருவி ஒன்று, வடிகட்டிய தண்ணீர் கேன்கள், புதிதாக உப்பு. இடப்பக்கப் பத்தி நீண்டது.

மற்றதைக் கொன்றது அவன்.

அது ஒரு மதியம். மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு மீன் தொட்டியின் மேல் மூலையில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, தலை மேலாக நின்றது. வால் துடுப்பு கிழிந்த துணிபோலத் தொங்கியது. அவன் கீழிருந்து அம்புபோல வந்து அதன் வயிற்றில் இடித்துவிட்டுத் திரும்பினான். மறுபடி வந்தான். ஒவ்வொரு முறையும் ஏதோ சின்னதாகப் பிய்ந்து தண்ணீரில் மிதந்தது. ஆரஞ்சு மீன் ஒதுங்கிப் பார்த்தது. எழுபது லிட்டரில் ஒதுங்க எங்கே இடம்? எந்த மூலைக்குப் போனாலும் அவன் ஒரே வீச்சில் வந்துவிட்டான். கடைசியில் கண்ணைக் குறிவைத்தான். கண் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம். அது மணலில் சாய்ந்து, ஃபில்டர் நீரோட்டத்தில் அசைந்தபோதும் விடவில்லை. வந்து வந்து இழுத்தான்.

"அம்மா, இன்னொரு வாய்" என்றாள் மகள்.

தொட்டியைப் பார்க்காமல் ஊட்டினேன். அவள் கண் கொட்டாமல் பார்த்து, மென்று, விழுங்கினாள்.

"அது எதுக்கும்மா அவன் வீட்டுக்கு வந்துச்சு?"

"அவன் வீடு மட்டும் இல்ல கண்ணு. ரெண்டு பேருக்கும்தான் வீடு."

"இல்ல. அவன்தான் மொதல்ல வந்தான்."

அது உண்மைதான். விஷத் தண்ணீரில் ஒரு மாதம் தனியாகக் கிடந்து அந்த இடத்தைச் சம்பாதித்தவன் அவன். அவனை அதில் விட்டவள் நான். ஆனால் அன்று எனக்குத் தோன்றியது அது இல்லை. கடிக்கிற பிள்ளைக்கு அமைதி வரட்டும் என்று பதினாலாயிரம் கொடுத்து, எப்படிக் கடிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது. தொட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். அவள் இழுத்தெறிந்தாள். மறுபடி மூடினேன். அவள் துண்டைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

அவனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன் கணவரிடம்.

"ரெண்டு மாசமா ஸ்கூல்ல ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. எதுக்குத் தொடுற?"

"அந்த மீனப் பாத்துட்டு நாளைக்கு ஒரு பிள்ளையோட கண்ணக் கடிச்சா?"

"நீயா எதையாச்சும் நெனச்சிக்காத."

நானாக நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை முற்பகல் அவருக்கு அலுவலகம் இருந்தது. மகள் உள்ளறையில் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். வலையையும் ஒரு வாளி உப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றேன்.

கட்டைவிரல் அளவு மீனைப் பிடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. வலையை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் போனான். கல்லுக்குள் புகுந்தான். ஒரு கல்லை எடுத்து வாளியில் போட்டேன். அடுத்த கல்லுக்குப் போனான், அதையும் எடுத்தேன். பத்து நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டியது. முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீர். அவன் என் விரலையே கொத்தினான். வலிக்கவில்லை, ஆனால் அந்தத் தைரியம் என்னை என்னவோ செய்தது. வலைக் காம்பால் அவனை அடிக்கப் பார்த்தேன். தண்ணீருக்குள் அடிக்க முடியாது என்று தெரிந்தும் அடித்தேன். 'சாவு, செத்துத் தொலை' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அந்தச் சத்தத்தில்தான் மகள் வந்தாள்.

"விடும்மா! அவன விடு!"

"உள்ள போ."

"அவன் வீடு அது! விடு!"

"உள்ள போடின்னேன்!"

இடது மணிக்கட்டில் கடித்தாள். எலும்பில் பல் இறங்கியது தெரிந்தது. உதறினேன், விடவில்லை. மூக்கைப் பிடிக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை. வலது கையை வீசினேன். கன்னத்தில் ஒரு அடி. அவள் தலை சுவரை நோக்கித் திரும்பியது. விட்டுவிட்டாள். விட்ட பிறகு இன்னும் இரண்டு அடித்தேன்.

கணவரிடம் ஒன்று என்றுதான் சொன்னேன். மூன்று.

வாளியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தொட்டிக்குள் எறிந்தேன். போட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. எறிந்தேன். முன் கண்ணாடி மேலிருந்து கீழாக ஒரு கோடு விட்டது. அடுத்த நொடி அது பிளந்து எழுபது லிட்டரும் ஹாலில் இறங்கியது. மணல், கண்ணாடிச் சில்லு, டிவி பலகைக்குக் கீழே ஒயர் எல்லாம் தண்ணீர். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

திரும்பி வந்தபோது மகள் வெறுங்காலோடு கண்ணாடிக்கு நடுவில் குனிந்திருந்தாள். தரையில் துள்ளிக்கொண்டிருந்த அவனை இரண்டு கையாலும் அள்ளி, உப்புக் கலந்து வைத்திருந்த வாளியில் விட்டாள். கல்லை அதில் நான்தான் போட்டிருந்தேன். அவன் நேரே போய் ஒரு கல்லுக்கடியில் புகுந்துகொண்டான். அவள் அழவில்லை. பாதத்திலிருந்து ரத்தம் தண்ணீரில் நூல்போல ஓடியது. நான் ஒரு அடி எடுத்து வைத்ததும் அவள் வாளிக்குப் பின்னால் நகர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவினேன். திங்கட்கிழமை காலையிலும் மூன்று விரல் தெரிந்தது. லீவு போடலாமா என்று யோசித்தேன். மறைப்பதாக ஆகிவிடுமே என்று அனுப்பினேன். பவுடர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்குப் போன் வந்தது.

சிஸ்டரின் அறையில் மகள் பெரிய நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் தையலுக்கு மேல் கட்டு.

"யார் அடிச்சான்னு கேட்டேன்" என்றார் சிஸ்டர். "நீங்களே கேளுங்க, என்ன சொல்றான்னு."

நான் கேட்கவில்லை. மகளே சொன்னாள். "நான் கடிச்சேன். அம்மா அடிச்சாங்க." புகார் மாதிரி இல்லை. பெயர் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"ஆமா சிஸ்டர். நான்தான்."

"இங்க ஒரு டீச்சர் இப்படி அடிச்சிருந்தா நீங்க போலீசுக்குப் போயிருப்பீங்க."

"ஆமா சிஸ்டர்."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

மணிக்கட்டைச் சுடிதார் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன். அதையும் அவர் பார்த்துவிட்டார். பிறகு, இரண்டு வாரம் நான் தினமும் வகுப்பில் பின்னால் உட்கார வேண்டும் என்றார். "டீச்சர் எப்படிப் பேசுறாங்கன்னு பாருங்க. அந்த ரெண்டு வாரத்துல அவ ஒரு தரம் கடிச்சா, அவ்வளவுதான். மத்த பெத்தவங்களுக்கும் நான் பதில் சொல்லணும்."

அவனைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை விட்டுவிட்டேன். அந்த வாரமே பெரிய தொட்டி வாங்கினோம். ஆவடிப் பக்கம் ஒருவர் வீடு மாறுவதால் நாலடித் தொட்டியை ஸ்டாண்டோடு முப்பத்தையாயிரத்துக்கு விற்றார். நோட்டில் இடப்பக்கப் பத்தியைக் கூட்டினேன். செத்த மீன், உப்பு, கருவி, நனைந்து போன டிவி, பாதத்தில் போட்ட தையல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சின்னத் தொட்டி நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கையில் மிஞ்சியது ஒரு நூற்றைம்பது ரூபாய் மீன். கடைக்காரர் விற்பனைக்காகப் பேசவில்லை.

அதில் ஏற்கெனவே மீன் வளர்ந்த கல்லும் மணலும் இருந்ததால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இந்தமுறை கடைக்காரர் சொன்னபடியே புதிதாக வாங்கிய மீன்களை முதலில் விட்டு, அதுவரை வாளியில் இருந்த அவனைக் கடைசியாக விட்டேன். அவன் இடது ஓரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டான். வேறு மீன் கிட்டே வந்தால் துரத்துவான். ஒரு முழம் தூரம் போய், திரும்பிவிடுவான். துரத்தப்பட்ட மீனுக்குப் போக இடம் இருந்தது. இன்றுவரை அதில் ஒன்றும் சாகவில்லை.

வகுப்பில் நான் உட்கார்ந்தது ஒரு குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சை முட்ட. ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள், கடைசி நாள், தண்ணீர் குடித்துவிட்டு வந்த என் மகளின் இடத்தில் வேறொரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி. என் எடம்."

"மிஸ் உக்காரச் சொன்னாங்க."

"பொய்! எந்திரி!"

டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம். என் மகள் குனிந்தாள். அந்தச் சிறுமியின் தோளில் வாய் வைத்ததைப் பார்த்தேன். பல் தெரிந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். இரண்டு வாரமாக டீச்சரிடம் பார்த்துக் கற்ற எதையாவது செய்திருக்கலாம்.

என் வலது கை உயர்ந்திருந்தது. காதுக்கு மேலே, விரித்தபடி. எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை.

சிறுமியின் தோளுக்கு மேலாக மகளின் கண்கள் அந்தக் கையைப் பார்த்தன. வாயை மெதுவாக எடுத்தாள். சட்டையில் எச்சில் ஈரம் மட்டும் இருந்தது. பின்னால் போய், காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மேசையின் மேல் கை கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் டீச்சர் திரும்பினார். "வெரி குட்! சண்டை போடாம வேற எடத்துல உக்காந்துட்டா, பாருங்க மேம்!"

டைரியில் பச்சை மையில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து நீங்க வர வேண்டாம்மா. அவ எடம் இங்க இருக்கு" என்றார். நான் நன்றி சொன்னேன். நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் வலது ஓரமாக நடந்து வந்தோம். இடப்பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளை ஓரப்பக்கமாக நடத்த வலது கையை நீட்டினேன். அவள் என் பின்னால் சுற்றிக்கொண்டு லாரிகள் போகிற பக்கம் வந்து, என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.